கடைசி பஸ்ஸுக்காகப் பாதியில் விட்ட படங்கள்

1

கனடாவுக்கு வந்து பத்து வருடம் முடிந்த கிழமையில்தான் எனக்கும் ஒரு நடிகருக்கும் சண்டை வந்தது. அவருக்கு என்னைத் தெரியாது. எனக்கு அவரை நாற்பது வருடத்துக்கு மேலாகத் தெரியும். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதே கிடையாது. இலங்கை மலையகத்தில் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என்னோடு கொழுந்து பறித்த பெண்களுக்கு அவர் "நம்மாளு", அவ்வளவுதான்.

அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சண்டை போடமாட்டார், மரத்தைச் சுற்றி ஆடமாட்டார். ஒரு படத்தில் குண்டர், அடுத்த படத்தில் எலும்பர். ஒன்றில் வாய் ஓயாமல் பேசுவார், இன்னொன்றில் படம் முழுக்க ஊமை. ஆண்கள் "இவனெல்லாம் ஒரு நடிகனா" என்று விசிலடித்துவிட்டு எழும்பிப் போவார்கள். நாங்கள் போகமாட்டோம்.

நான் இருக்கும் ஊரில் புதன்கிழமைகளில் தமிழ் முதியவர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவோம். முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்து ஆட்கள். என் மருமகனும் யாழ்ப்பாணம்தான், நல்ல மனிதர். அன்றைக்குப் பேச்சு பிடித்த நடிகர்களைப் பற்றிப் போனது. என் முறை வந்தபோது நான் நம்மாளின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா சிரித்தே விட்டார்.

"அவரோ? அவர் ஒரு மாதிரியான ஆள் எல்லே. அவற்ற படங்கள் ஒரு கிழமைகூட ஓடுறேல்லையே."

"அது ஒங்க ஊருல டீச்சர். எங்க மலையில ஒவ்வொரு படமும் ஒரு மாசம் ஓடும்."

"தோட்டத்துக்குள்ள தியேட்டர் இருந்ததோ?"

"நான்தான் தியேட்டரு" என்றேன்.

அவர்கள் அதையும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். ஊரில் இருக்கிற நீங்களாவது நம்புவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத ஒரு காலை முழுக்கப் போகும். போகட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

2

உண்மையான தியேட்டர் கண்டியில் இருந்தது. தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், மழை என்றால் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. என்றாலும் எல்லாப் பெண்களும் கிளம்பிவிட முடியுமா? வீட்டில் பிள்ளைகள், விறகு, மாமியார். அதனால் எங்கள் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. நம்மாளு படம் வந்தால் ஒருத்தியை அனுப்புவோம். அன்றைக்கு அவள் வீட்டு விறகை மற்றவர்கள் பொறுக்கிக் கொடுப்பார்கள். அவள் திங்கட்கிழமை மலையில் கதை சொல்ல வேண்டும்.

முதலில் முறை வைத்துத்தான் போனோம். மாரியாயி ஒரு தடவை போய் வந்தாள். திங்கட்கிழமை எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். "ஒருத்தன் வந்தான், ரொம்ப அழுதான், நான் கொஞ்சம் தூங்கிட்டேன்" என்றாள். கூடையின் அடி மறைவதற்குள் படம் முடிந்தது. அதற்குப் பிறகு என்னைத்தான் அனுப்பினார்கள். கூசாமல் சொல்வேன், எனக்கு அது வரும். பார்த்ததைப் பார்த்தபடி, யார் எந்தப் பக்கம் நின்றார்கள், சேலைக்கு என்ன கரை என்பது வரைக்கும் சொல்வேன்.

தேயிலை நிரைகளில் நடு நிரை எனக்கு. கை கொழுந்தைப் பார்க்கும், வாய் கதையைப் பார்க்கும். பக்கத்து நிரைக்காரி கேட்டு அடுத்தவளுக்குச் சொல்வாள், அவள் அதற்கடுத்தவளுக்கு. ஒரு படத்தில் நம்மாளு சமையல்காரர். கதை மேட்டு நிரைக்குப் போய்ச் சேரும்போது அவர் டாக்டராகிவிட்டார். காலைத் தேத்தண்ணி வரைக்கும் இடைவேளைக்கு முன், சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற பாதி. எங்களை மேற்பார்த்த கங்காணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "கத கேக்கவாடி வந்தீங்க, கையப் போடுங்க" என்று சத்தம் போடுவார். கதை முக்கியமான இடத்துக்கு வந்தால் சத்தம் போட மறந்துவிடுவார்.

ஒன்றை மட்டும் நான் அங்கே யாருக்கும் சொன்னதில்லை. பகல் காட்சி முடிய ஐந்தரை ஆகும். எங்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. அதனால் நம்மாளு நடித்த ஒரு படத்தின் முடிவையும் நான் பார்த்தது கிடையாது. நேரம் வந்ததும் எழும்பி, திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து கதவு வரைக்கும் போவேன். பிறகு ஓட்டம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு முடிவை யோசிப்பேன். பாதி வழியில் கலஹாவில் பஸ் நிற்கும்போது முடிவு தயாராகிவிடும்.

அதைப் பொய் என்று நான் அப்போதும் நினைக்கவில்லை. ஒரு மனிதரோடு இரண்டரை மணி நேரம் இருந்திருக்கிறேன். அடுத்த கால் மணி நேரத்தில் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா?

அப்படிச் சொன்ன படங்களில் ஒன்றில் நம்மாளு மாட்டுவண்டிக்காரர். பதினொரு வயது மகள். பட்டணத்தில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு விட அவளை வண்டியில் கூட்டிப் போகிறார். படம் முழுக்க அந்த ஒரு பயணம்தான். வழியெல்லாம் அந்தப் பிள்ளை கேள்வி கேட்கும், இவர் பதில் சொல்வார். அந்த வீட்டுக் கேட் தெரியும்போது நான் எழும்பிவிட்டேன். திங்கட்கிழமை மலையில் எப்படி முடித்தேன் தெரியுமா? பிள்ளை இறங்கப் போகிறது. இவர் மாட்டின் கயிற்றை இழுக்கிறார். வண்டி திரும்புகிறது. நேரே போய் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறது.

அன்றைக்கு என் பக்கத்து நிரையில் காமாட்சி நின்றாள். அவள் புருசன் மகள் வசந்தியைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பத் தரகரோடு பேசி முடித்திருந்த நேரம் அது. வசந்திக்கும் பதினொரு வயது. இரண்டு கிழமை கழித்துத் தரகர் வந்த காலையில் வசந்தி லயத்து வீட்டில் இல்லை. காமாட்சி அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டிருந்தாள். அன்று அவள் வாங்கிய அடியைப் பற்றி நான் எழுதமாட்டேன். ஆனால் வசந்தி படித்தாள். இன்றைக்கு ஹேவாஹெட்டயில் டீச்சர்.

நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தப் பெருமையை நான் வைத்திருந்தேன். வெளியே சொல்லவில்லை. என் முடிவால் ஒரு பிள்ளை படித்தது என்று எனக்குள் வைத்திருந்தேன். இந்தக் குளிரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அது எனக்கு ஒரு கம்பளிச் சட்டைக்குச் சமம்.

3

இங்கே வந்த புதிதில் ஒரு பத்திரம் நிரப்பினோம். பிறந்தபோது எந்த நாட்டுப் பிரஜை என்று அதில் ஒரு கேள்வி. மகள் பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் பிறந்த காலத்தில் தேயிலை பறிக்க இந்தியாவிலிருந்து கொண்டுவந்த எங்கள் ஆட்களை எந்த நாடும் தன் பிரஜை என்று சொல்லவில்லை. அது வந்தது பிறகு. "ஒன்னும் போடாத" என்றேன். குடிவரவுக் கந்தோரில் இருந்த வெள்ளைக்காரப் பெண், வெறுமையாக விட முடியாது என்றாள். மகள் விளங்கப்படுத்தினாள். அந்தப் பெண் இரண்டு தடவை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கடைசியில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்கள். ஒரு கோட்டோடு நாடு மாறி வந்தவள் நான். எனக்கு அதில் வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியது வேறு ஆட்கள்.

பேத்தி ஆரணி என்னை "அம்மம்மா" என்பாள். எங்கள் வழக்கப்படி "அம்மாயி" என்று கூப்பிடப் பழக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. தமிழ் விளங்கும், பதில் இங்கிலீசில் வரும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அவள் படம் பார்க்கிற விதத்தை என்னால் பொறுக்க முடியாது. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவாள், ஆட்கள் கோழி மாதிரிப் பேசுவார்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் முதலில் முடிவைப் பார்த்துவிடுவாள்.

அந்தப் புதன்கிழமை மண்டபத்தில் சிரித்ததை வீட்டில் சொன்னேன். ஆரணி உடனே ஃபோனில் நம்மாளைத் தேடினாள். "அம்மம்மா, இந்த ஆளா?" வண்டிக்காரர் படம் வந்து நின்றது. "மொதல்ல இருந்து போடு" என்று சொல்வதற்குள் அவள் விரலால் கடைசிக்குத் தள்ளிவிட்டாள்.

கேட் வந்தது. பிள்ளை துணிமூட்டையோடு இறங்கியது. கதவு மூடியது. வண்டி திரும்பவே இல்லை. நேரே போனது, வெறும் வண்டி, தூசி. முடிந்துவிட்டது.

"சோ சாட்" என்றாள் ஆரணி. பிறகு வேறு எதையோ பார்க்கப் போய்விட்டாள்.

நான் மூன்று நாள் அந்த நடிகர் பெயரை வாயில் எடுக்கவில்லை. அவ்வளவு நல்ல மனிதனாக நடித்துவிட்டு இப்படியா செய்வது?

நான்காம் நாள் காமாட்சி ஃபோன் எடுத்தாள். நான் ஊருக்கு வரப் பயணச்சீட்டு போட்டிருந்ததை யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பாக்கியம், நீ வாரப்ப எல்லாரும் சரோஜா வீட்டுல கூடுவோம். அவ மகன் பெரிய டீவி வாங்கியிருக்கான், பழைய படமெல்லாம் வருதாம். வண்டிக்காரன் படத்த போடச் சொல்லணும். வசந்தி அத பாத்ததே இல்ல. அவள கூட்டிட்டு வாரேன்."

"அது அழுகப் படம்டி. எதுக்கு இப்ப?"

"அழுகப் படமா? நீதானே வண்டி திரும்புதுன்னு சொன்ன."

குளிர்பெட்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். காமாட்சி வாங்கிய அடியெல்லாம் என் வாயில் பிறந்த ஒரு முடிவுக்காக என்று அவளுக்குத் தெரிந்தால்? அதுவும் அவள் மகள் பக்கத்தில் இருக்கும்போது?

4

சரோஜா வீடு கண்டியில், மஹய்யாவயில். எங்களோடு கொழுந்து பறித்துவிட்டு, கல்யாணம் கட்டித் தோட்டத்தை விட்டு வந்தவள், புருசனும் மகனும் மாநகரசபை வேலை. வீட்டுக்கு ஏறப் படிகள் நிறைய. நான் ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது மேலே இருந்து சரோஜாவின் சத்தம் கேட்டது.

"வாங்க கனடாக்காரம்மா! ஃப்ளைட்டுல ஏறத் தெரியுது, படியில ஏறத் தெரியலியா?"

"வாய மூடிட்டு தேத்தண்ணிய ஊத்து" என்றேன். பத்து வருடம் அந்த இடத்திலேயே முடிந்துபோனது.

மாரியாயி தெல்தோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்துவிட்டாள். எனக்கு ஐந்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். காமாட்சியும் வசந்தியும் ஹேவாஹெட்டயிலிருந்து பத்து மணிக்கு வந்தார்கள். வசந்திக்கு மூக்குக்கண்ணாடி, டீச்சர் கைப்பை, அம்மாவின் அதே நெற்றி. "எப்படி இருக்கீங்க பெரியம்மா" என்று என் காலைத் தொட்டாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எந்தப் படம் முதலில் என்று சண்டை தொடங்கியது.

"என் சமையல்காரன போடு" என்றாள் மாரியாயி அக்கா. அந்தப் படத்தில் நம்மாளுக்கு மூக்கு இருக்கும், வாசனை தெரியாது. அதை மறைத்துக்கொண்டு கல்யாண வீடுகளில் சமைப்பார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திதான் மோந்து பார்த்துச் சொல்வாள். கடைசியில் இரண்டு பேருக்கும் கல்யாணம். அதாவது, கலஹா பஸ்ஸில் நான் கட்டி வைத்த கல்யாணம்.

"அந்தக் குண்டன் எதுக்கு? என் ஊமையன போடுங்க" என்றாள் சரோஜா. "படம் பூரா ஒரு வார்த்த பேசாத ஆம்பள. எங்க கெடைக்கும்?"

உள்ளறையில் இருந்து அவள் புருசன் இருமினார்.

"ரெண்டும் ஒரே ஆளுதான் அக்கா" என்றேன்.

"சும்மா இரு. அவன் குண்டன், இவன் ஒடக்கான் மாதிரி ஒல்லி. மூனு பேரும் ஒருத்தன்னு நீ அன்னைக்கே அளந்த, நான் நம்பல."

காமாட்சி சண்டைக்கு வரவில்லை. நல்ல கதிரையில் மகளை இருத்திவிட்டுத் தான் பாயில் உட்கார்ந்தாள். "மொதல்ல வண்டிக்காரன்" என்றாள். அவள் சத்தமாகச் சொல்லாதபோது யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

தூரத்திலிருந்து வந்தவள் என்று சரோஜா ரிமோட்டை என் கையில் கொடுத்தாள்.

5

நல்ல படம். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்றையும் நான் மறந்திருக்கவில்லை. மாட்டின் கழுத்து மணி, பாலத்தில் பிள்ளை எண்ணுகிற கொக்குகள், நம்மாளு சிரிக்கும்போது மட்டும் நேராகிவிடுகிற அந்த மூக்கு. அடுத்தது என்ன என்று நான் முன்கூட்டியே சொல்ல, மாரியாயி அக்கா "வாய மூடு, அவன் சொல்லட்டும்" என்று அதட்டினாள். வசந்தி குனிந்து கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் கேட் தெரிந்தது. தியேட்டரில் நான் எழும்பிய இடம். ரிமோட்டில் சிவப்புப் பொத்தானில் என் பெருவிரல் இருந்தது. அமத்திவிட்டு, கரண்ட் போய்விட்டது, நெட் போய்விட்டது என்று எதையாவது சொல்லலாம். அந்த வீட்டில் யாருக்கும் விளங்காது. ஆனால் ஒளிந்து வாழ்ந்த பழக்கம் எனக்கு இல்லை. இந்த முறை நான் பிடிக்க வேண்டிய பஸ்ஸும் ஒன்றும் இல்லை.

நிறுத்தும் பொத்தானை அமத்தினேன். கேட்டுக்கு முன்னால் வண்டி அப்படியே நின்றது.

"இதுக்கு மேல நான் பாக்கல" என்றேன்.

"என்னா சொல்ற?" என்றாள் சரோஜா.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இந்த எடத்துல எழும்பிட்டேன். எல்லாப் படத்துலயும் அப்படித்தான். நான் சொன்ன முடிவெல்லாம் நானா வச்சது. காமாட்சி, இந்த வண்டி திரும்பாது. போன மாசந்தான் எனக்கும் தெரியும். நீ என் பேச்ச நம்பித்தான் அன்னைக்கு அடி வாங்கின. நான் தெரிஞ்சு பொய் சொல்லல. ஆனா சொன்னது நான்தான். ஏசுறதுன்னா இப்பயே ஏசு."

வசந்தி அம்மாவைப் பார்த்தாள். காமாட்சி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

"தெரியும்டி" என்றாள்.

"என்னா தெரியும்?"

"திரும்பாதுன்னு தெரியும். நீ சொன்ன அன்னைக்கே எங்க வீட்டுக்காரருகிட்ட போயி, வண்டிக்காரனே திருப்பிட்டான், நீங்க ஏன் புள்ளைய அனுப்புறீங்கன்னு கேட்டேன். பாக்கியம் அளக்குறான்னாரு. சரி வாங்க, ஒங்க கண்ணால பாருங்கன்னு அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு ராத்திரிக்கு இங்க கண்டியில அவரு அண்ணன் வீடு இருந்துச்சு, பஸ்ஸ பத்தின கவல இல்ல. கடைசி வரைக்கும் இருந்தோம்."

"அடியே!"

"கேட்டு வருது. புள்ள எறங்குது. நான் இவரு கையப் புடிச்சிக்கிட்டு, இப்ப பாருங்க, இப்ப திருப்புவான்ங்கிறேன். போயிட்டான். லைட்ட போட்டுட்டாங்க. இவரு என்னையப் பாத்துச் சிரிக்கிறாரு. எப்படி ஒன் பாக்கியத்தோட கதன்னு கேக்குறாரு."

"பொறகு?"

"பொறகு என்னா. நீ சொன்ன மாதிரி அவன் திருப்பியிருந்தா, நானும் இவரு திருப்புவாரு, இவரு திருப்புவாருன்னு தரகர் வார வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். அந்த வெறும் வண்டியப் பாத்தப்பதான் தெரிஞ்சது, யாரும் திருப்ப மாட்டாங்கன்னு. தரகர் வார அன்னைக்கு விடியவே புள்ளைய எழுப்பி ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரிய மாஸ்டரு மேசைக்குப் பக்கத்துல ஒக்கார வச்சிட்டு, யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டேன்."

"இத்தன வருசமா ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ கத சொல்றத நிப்பாட்டியிருப்ப. ரோசக்காரி. அந்த மலையில திங்கக்கெழமைக்கு வேற என்னா இருந்துச்சு எங்களுக்கு?"

நாற்பது வருடம் வைத்திருந்த பெருமை கையைவிட்டுப் போனது. அந்த நடிகரிடம் கோபித்துக்கொண்டதற்கும் ஞாயம் இல்லை. அவர் செய்யாமல் விட்டதைப் பார்த்துத்தான் இவள் செய்திருக்கிறாள். ஆனாலும் நான் முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிடவில்லை. என் வாயால் கேட்டதனால்தானே அவள் தியேட்டருக்குப் போனாள். அதனால் பாதி அவருக்கு, பாதி எனக்கு என்று அந்தப் பாயிலேயே முடிவு செய்துகொண்டேன். காமாட்சியின் பங்கு இந்தக் கணக்கில் சேராது, அது தனி.

திடீரென்று மாரியாயி அக்காவுக்கு உறைத்தது.

"அப்ப என் சமையல்காரன்? அவனுக்குக் கல்யாணம் ஆகலியா?"

"தெரியாதுக்கா. நான் எழும்பும்போது அந்தப் பொம்பள ரயில் ஸ்டேசன்ல பெட்டியோட நின்னுக்கிட்டு இருந்தா."

"அந்தப் படத்த யாரும் போடப்படாது, சொல்லிட்டேன். அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. மூனு புள்ளைங்க."

"என் ஊமையன போடுங்க, எனக்குப் பயம் இல்ல" என்றாள் சரோஜா. "பேசலன்னா இன்னும் நல்லம்."

"மொதல்ல இத முடி" என்றாள் காமாட்சி.

பொத்தானை அமத்தினேன். பிள்ளை மூட்டையோடு இறங்கியது. கதவு மூடியது. வண்டி நேரே போனது. எனக்கு அது இரண்டாம் தடவை, காமாட்சிக்கும்தான். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தூசி அடங்கி எழுத்து வந்தது. டீவியைப் பார்த்தபடியே வசந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு வகுப்பில் கேள்வி கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"படத்துல அந்தப் புள்ளைக்கு அம்மா இல்லையே. கவனிச்சீங்களா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சேலைக் கரை வரைக்கும் சொன்ன நானே அதைக் கவனித்திருக்கவில்லை.

காமாட்சி பாயிலிருந்து முழங்காலைப் பிடித்து எழும்பினாள். வெற்றிலையைத் துப்ப வாசலுக்குப் போனவள் திரும்பி நின்று சொன்னாள்:

"இருந்திருந்தா அந்த வண்டி வீட்டு வாசலையே தாண்டியிருக்காது."